கீரைப் பாத்தி போட்டால் ரத்தசோகை போய்விடுமா?

9 ஜூன் 2025, காலை (வாசகர் கேள்வி)

தருமபுரிப் பக்கம் மானாவாரி ஊர். மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். ஆடிப் பட்டத்துக்கு எல்லா வீட்டுக்கும் காய்கறி விதைப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். தோட்டம் இருந்தால் சத்து தானாக வந்துவிடும், மிச்சத்தை விற்றால் பெண்கள் கையில் காசும் வரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது என் எண்ணம். இதில் எங்கே பிசகும்?

9 ஜூன், இரவு (பதில்)

விதை முளைத்த பிறகுதான் பிசகும். பொட்டலங்களில் பெரும்பாலும் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, கொத்தவரை இருக்கும். எல்லா வீட்டிலும் ஆடியில் ஒரே வாரத்தில் விதைப்பார்கள். புரட்டாசியில் ஊர் முழுக்க வெண்டைக்காய் காய்க்கும், வாங்க ஆள் இருக்காது. மாசியில் பாத்தி காய்ந்து கிடக்கும். கத்தரியும் மிளகாயும் குழம்புக்கு உதவும், ரத்தத்துக்குப் பெரிதாக உதவாது.

முதலில் கீரைக்குக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளைக்கு 100 கிராம் என்றால் ஐந்து பேர் வீட்டுக்கு அரைக் கிலோ வேண்டும். தண்டுக்கீரையோ சிறுகீரையோ 25 நாளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கொடுக்கும். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஐந்து பாத்தி எடுத்து, ஐந்து நாளுக்கு ஒரு பாத்தி வீதம் விதைத்து வந்தால், ஐந்து நாளுக்கு ஒருமுறை 3 கிலோ கிடைக்கும். அதாவது நாளைக்கு 600 கிராம். பாத்தி ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று பறிக்கக் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்தால் மண் இறுகிவிடும்.

ஒரு பாத்திக்கு அரைத் தேக்கரண்டி விதை போதும். ஐந்து மடங்கு மணலோடு கலந்து தூவுங்கள். மணல் இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்து, நோஞ்சானாகி, வேர் அழுகிச் சாயும். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். பாத்தி ஓரத்தில் அரிசிக் குருணை தூவினால் அது குருணையைத் தூக்கப் போய்விடும், விதை தப்பிக்கும்.

10 ஜூன்

"அப்படியானால் தினமும் கீரை சாப்பிட்டால் ரத்தசோகை போய்விடும்தானே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போகாது. இதை உடைத்துச் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்தாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. கீரை கிடைக்காத மாநிலமா இது?

மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஆணுக்கு 19. நூறு கிராம் கீரையில் கிடைப்பது சுமார் 4 முதல் 6 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் 28 மில்லிகிராம் என்று ஊரெல்லாம் சுற்றும் எண் உலர்த்திப் பொடித்த இலைக்கு உரியது, பச்சை இலையில் 5-க்குள்தான். இதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்கு. கீரையோடு புளிப்பான பழம் சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதிக்கும் மேல் குறையும். களை வெட்டும் இடத்தில் சோறு தின்ற மறு நிமிடம் டீ வருகிறதே, அதை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்குக் காசு செலவில்லை.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் தோட்டத்தை நம்பி இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. பாத்திக் கீரை அது மறுபடி இறங்காமல் தாங்கிப் பிடிக்க உதவும், ஏற்கெனவே இறங்கியதை ஏற்றுவது மாத்திரை.

இன்னொன்று: வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவருக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறும். அது குடலில் இருந்துகொண்டு ரத்தத்தை உறிஞ்சும். தோட்ட வேலைக்கு 12 ஜோடி ரப்பர் செருப்பு வாங்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள். விதையைவிட முக்கியமாகக்கூட இருக்கலாம்.

11 ஜூன்

முந்தாநாள் எழுதிய ஐந்து பாத்திக் கணக்கைத் திருத்துகிறேன். நிலக்கணக்கு சரி, தண்ணீர்க் கணக்கைப் போடாமல் விட்டது தவறு.

சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் 15 சதுர மீட்டருக்கு 75 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் ஐந்து குடம். வாசலில் குழாய் இருக்கும் வீட்டுக்கு இது பொருட்டே இல்லை. தெருக்குழாயில் வரிசை நின்று இடுப்பில் தூக்கி வருபவளுக்குக் காலையில் இன்னொரு முக்கால் மணி நேர வேலை. சத்துக்காகத் தொடங்கிய தோட்டம் அவள் உடம்பிலிருந்தே சத்தை எடுக்கும். தோட்டங்கள் மாசி, பங்குனியில் சாவது பெரும்பாலும் இதனால்தான், சோம்பலால் இல்லை.

அதனால் குழாய் இல்லாத வீட்டுக்கு இரண்டு பாத்தி போதும். மீதிக் கீரையை மரத்திலும் கொடியிலும் எடுங்கள். துவைகல்லுக்கும் குளிக்கும் மறைப்புக்கும் பக்கத்தில் வாழை, பப்பாளி. சோப்புத் தண்ணீர் இவற்றுக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது. சோப்பு கலக்காமல் பாத்திரம் அலசும் தண்ணீரில் பொன்னாங்கண்ணிக் குச்சி, வேலியில் கொடிப்பசலை, வேலியோரம் அகத்தி. இரண்டு முருங்கை.

முருங்கைக்கு பி.கே.எம்.1 விதை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட ரகம், ஆறு மாதத்தில் காய்க்கும். ஒன்றரை அடி ஆழ, அகலக் குழியில் மண்ணோடு தொழு உரம் கலந்து, ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு விதை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், குழி மேட்டில் இருக்கட்டும். செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிடுங்கள். முருங்கை உயரமாகப் போய்விட்டால் ஏறிப் பறிக்க ஆண் துணை வேண்டும், அவர் வீட்டில் இருக்கும் நாளில்தான் கீரை. கையெட்டும் உயரத்தில் வைத்திருந்தால் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போய் ஒரு கொத்து ஒடித்து வரலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்திக் கீரை அழுகும், முருங்கையும் இலை உதிர்க்கும். அந்த இரண்டு மாதம் கொடிப்பசலையையும் அகத்தியையும் நம்புங்கள்.

13 ஜூன்

கீரை விளைந்தது, சமைத்தாயிற்று. யார் சாப்பிட்டார்கள்? வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் சமைத்தவளுக்கு. அரைக் கிலோவை ஐந்தால் வகுத்த 9-ஆம் தேதிக் கணக்கு அங்கே உடைகிறது.

"பெண்கள் முதலில் சாப்பிட வேண்டும்" என்று கூட்டத்தில் பேசிப் பயனில்லை, வீட்டில் சண்டைதான் வரும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து இறக்கியதும், பரிமாறும் முன்பே, தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது. வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் தூக்குவாளியில் எடுத்து வைக்கிறோமே, அதே பழக்கம்தான். குழுவில் 12 பேரும் ஒரே மாதத்தில் தொடங்கினால் மாமியார்கள் அதை ஒரு மருமகளின் திமிராகப் பார்க்க மாட்டார்கள்.

சமையலில் இரண்டு குறிப்பு. கீரையை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், கழுவிவிட்டு நறுக்குங்கள். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் பிழிந்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். எலுமிச்சை விலை ஏறும் கோடையில் நெல்லிக்காய் ஊறலோ ஒரு கொய்யாவோ அதே வேலையைச் செய்யும். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மறைப்புப் பக்கம் பப்பாளி சொன்னேன், ஆனால் கர்ப்பிணி உள்ள வீட்டில் அதைத் தொட மாட்டார்கள். அந்த வீட்டுக்குக் கொய்யாக் கன்று கொடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

16 ஜூன்

தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காட்டைப் பற்றி, அதாவது மானாவாரி நிலத்தைப் பற்றி, யாரும் கேட்கவில்லை. தோட்டம் தருவது வைட்டமினும் கொஞ்சம் இரும்பும் சுண்ணாம்பும். பருப்புக்குக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே என்ன விதைப்பது என்ற முடிவு வீட்டுப் பெண்ணின் கையில் இல்லை. உங்கள் பக்கத்தில் மரவள்ளி, தக்காளி, சாமந்தி என்று சந்தைப் பயிர் போகிறது. வருமானம் வருகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பருப்பு கடையிலிருந்து வருகிறது, விலை ஏறியதும் குழம்பில் தண்ணீர் ஏறுகிறது.

ஓர் ஏக்கர் உள்ள வீட்டில் 10 சென்ட் துவரைக்குக் கேளுங்கள். மழை சரியாக இருந்தால் மானாவாரியில் ஏக்கருக்கு 250 முதல் 300 கிலோ, எனவே 10 சென்டில் 25 முதல் 30 கிலோ. ரேஷனில் மாதம் ஒரு கிலோ, ஆண்டுக்கு 12. உடைக்கும்போது தொலியும் குருணையும் கழியும், அதை இப்போதைக்கு விடுங்கள். கூட்டினால் அதிகபட்சம் 42 கிலோ. ஐந்து பேருக்கு ஆளுக்கு நாளைக்கு 23 கிராம்தான். போதாது, ஆனால் ரேஷன் மட்டும் என்றால் ஆளுக்கு 7 கிராம்கூட வராது.

10 சென்ட் பிரித்துத் தர வீட்டுக்காரர் தயங்கினால் ராகிக் காட்டிலேயே எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை விடலாம். ராகி அறுத்த பிறகும் துவரை நின்று காய்க்கும். ஒரே வரிசை விடுவதானால் மொச்சை.

துவரையை மூட்டையாக வைத்தால் தையில் அறுத்தது சித்திரைக்குள் வண்டு துளைத்துவிடும். செம்மண் கட்டுவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. துவரையை இரவு ஊறவைத்து, வடித்து, சலித்த செம்மண் கூழில் பிசறி, ஒரு இரவு கூட்டி வைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து மண்ணைப் புடைத்து எடுத்துவிட்டால் தொலி கழன்று சுலபமாக உடையும். உடைத்த பருப்பில் வண்டும் அவ்வளவாக ஏறாது. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும், அதைச் சாப்பிடவே கூடாது.

இத்தனை வேலையும் அவள் தலையில் என்பதை எழுதும்போதே உறுத்துகிறது. நாளைக்கு அதைப் பற்றி.

17 ஜூன்

சிறுதானியம் ஏன் போனது என்பதற்குக் காரணமாக ரேஷன் அரிசியைச் சொல்வார்கள், மரவள்ளி விலையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. உரலும் உலக்கையும் மூன்றாவது காரணம், அதைப் பற்றிப் பேசுவது குறைவு. ராகிக்கும் கம்புக்கும் ஆலை இருக்கிறது. சாமை, தினை, வரகுக்கு மேலே உமி ஒட்டிக்கொண்டு நிற்கும். குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். நாலு படி சாமைக்கு ஒரு பெண்ணின் அரைப் பகல் போய்விடும். நெல்லரிசியின் ருசிக்காகச் சாமையை விட்டவர்கள் குறைவு. தோள்வலி பொறுக்காமல் விட்டவர்கள் அதிகம்.

கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலையில் இதுதான் சாரம் என்று நினைக்கிறேன். விதையோடு நிறுத்தாமல் உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்து மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தார்கள்.

நீங்கள் குழுவாக இயந்திரம் வாங்குவதானால் கவனிக்க வேண்டியவை. தானியம் கடித்தால் கடுக்கென்று உடைகிற அளவுக்குக் காய வேண்டும், ஈரம் இருந்தால் நொறுங்கி மாவாகும். கல் பொறுக்கும் சல்லடை இல்லாமல் வாங்காதீர்கள். சின்ன மணியும் பெரிய மணியும் கலந்து போட்டால் சின்னது உமியோடே வெளியே வரும், சலித்துப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். சாமை ஒரு மூட்டைக்கு 60 முதல் 65 சதவீதம் அரிசி வரும். வரகுக்குத் தோல் அடுக்கு அதிகம், இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். வெள்ளை வெளேரென்று தீட்டச் சொல்லிக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள், சத்து தவிட்டோடு போகும். ஆனால் தவிடு ஒட்டிய அரிசி ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதனால் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

20 ஜூன்

"மிச்சத்தை விற்றால் பெண்கள் கையில் காசு" என்றீர்கள். சிறிய மிச்சம் அவள் கையில் நிற்கும். இரண்டு கட்டுக் கீரை, பத்து முட்டை, ஒரு படி மொச்சைக் காசை யாரும் கணக்குக் கேட்பதில்லை. மூட்டையாகப் பெருகி வண்டியில் ஏறினால் வண்டியோடு போகிறவர் கைக்குக் காசு போகும். அதனால் எடுத்த எடுப்பில் பெரிய விற்பனைக்குத் திட்டம் போடாதீர்கள்.

பாலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். புல் அறுப்பது, சாணி அள்ளுவது, கறப்பது அவள். சங்கத்தில் உறுப்பினர் அட்டை அவர் பெயரில், பணம் அவர் வங்கிக் கணக்கில். அட்டையைப் பெயர் மாற்றுவது ஒரு விண்ணப்பம்தான். மாற்றினாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது: லிட்டருக்குக் காசு வருகிறது என்று கடைசிச் சொட்டு வரை சங்கத்துக்கு ஊற்றிவிட்டு வீட்டில் கறுப்பு டீ குடிப்பது. அரை லிட்டரை முதலில் வீட்டுச் சொம்பில் ஊற்றிவிட்டுத்தான் கேனை மூட வேண்டும்.

2012-இல் வேளாண்மையில் பெண்களின் அதிகாரத்தை அளக்க ஒரு குறியீட்டு எண் உருவாக்கினார்கள். அதில் ஐந்து கேள்விக் கொத்து: சாகுபடி முடிவு யாருடையது, சொத்தும் கடனும் யார் வசம், வருமானத்தைச் செலவழிப்பது யார், பொது இடத்தில் பேச முடிகிறதா, நாளில் எத்தனை மணி நேரம் வேலை. ஐந்தாவதைத்தான் நம் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. முதல் நாலையும் கூட்டிவிட்டு நேரத்தைப் பிடுங்கினால் அவளுக்கு என்ன கிடைத்தது? ஆடிக்கு முன் 12 பேரும் ஒரு நாள் எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். தையில் மறுபடி எழுதுங்கள். தூக்கம் குறைந்திருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

24 ஜூன்

பட்டா பற்றிக் கேட்டவருக்கு. நாட்டில் நிலம் சாகுபடி செய்வோராகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. களத்தில் நிற்பவர்களில் பாதிக்குக் குறையாது என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். பட்டா, சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை, மானியம் இல்லை, காப்பீடும் இழுபறி.

இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கை தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விலக்கியது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த விலக்கு இல்லாமல் வந்தது. பிறந்த உரிமை அது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முன்பே பதிவான பாகப்பிரிவினை நிற்கும். எனவே பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு வந்தால், படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இது மகளுக்கு. மருமகளாக உழைக்கிற நிலத்தில் கணவர் இருக்கும்வரை அவளுக்குச் சட்டப்படி பங்கு இல்லை. அவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அது நடக்கும்வரை அந்த 10 சென்டையாவது குத்தகைச் சீட்டாக எழுதிக் கொள்ளுங்கள்.

2 ஜூலை

பாத்தியில் முளைத்ததை மயில் கொத்திவிடுகிறது என்று புலம்பியவருக்கு: முளைத்த முதல் பத்து நாள்தான் ஆபத்து. பழைய சேலையைப் பாத்தி மேல் ஒரு அடி உயரத்தில் கட்டுங்கள், ஆட்டுக்கும் ஆகும். நிரந்தர வேலிக்குக் கிளுவைக் கழி, மழைக்கு முன் முக்கால் அடிக்கு ஒன்று நடுங்கள்.

6 ஜூலை

கோழியை யாரும் கேட்கவே இல்லை என்று நேற்றுதான் உறைத்தது. கீரைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது அது.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஐந்து கோழியில் 300-க்கு மேல். பாதியை அடைக்கு வைத்தாலும் 150 முட்டை வீட்டுக்கு. இதைக் கெடுப்பது வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய். மாசி, பங்குனியில் வந்தால் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. தடுப்பு மருந்துக் குப்பி 100 கோழிக்கு மேல் வருவது, கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். அதனால்தான் தனி வீடு போட்டுக்கொள்வதில்லை. 12 வீடு சேர்ந்தால் ஒரு குப்பி தீரும். கால்நடை மருந்தகத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, கோழி அடைந்த பிறகு மாலையில் போடுங்கள், விரட்டிப் பிடிக்க வேண்டாம். கழிச்சல் தொடங்கிவிட்ட கூட்டத்துக்குப் போட்டுப் பயனில்லை. பிப்ரவரியில் மருந்தகங்கள் நடத்தும் இருவார முகாமைத் தவற விடாதீர்கள்.

கூட்டைக் கைக்குழந்தை தவழும் திண்ணையிலிருந்து தள்ளி வையுங்கள். எச்சத்தில் கை வைத்து வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கு, தின்ற முட்டையின் சத்தும் அதோடு போய்விடும். எச்சத்தைப் பாத்திக்குப் பச்சையாகப் போட்டால் கீரை கருகும், மூன்று மாதம் மட்கவிட்டுப் போடுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் விதைப் பொட்டலம் என்று எழுதிய இடத்தில் முருங்கை விதை, அகத்தி விதை, கொய்யாக் கன்று, செருப்பு, தடுப்பு மருந்துக் குப்பி என்று திருத்திக் கொள்ளுங்கள். ஆடி பிறக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, முருங்கைக் குழியை இந்த வாரமே எடுத்து ஆறவிடலாம்.